களிமண்ணில் பிறந்த நீலம்

டெல்லி கோல் மார்க்கெட் அரசுக் குடியிருப்பில் நாங்கள் இருந்த நாட்களில், மாத மளிகைப் பட்டியலின் கடைசி வரியில் அம்மா எழுதும் சொல் ஒன்றுதான்: நீலம். கடையில் ‘நீல்’ என்று கேட்டால் உள்ளங்கை அளவில் ஒரு பொட்டலம் வரும். ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா அதில் ஒரு சிட்டிகை எடுத்து, பழைய மல் துணியில் முடிந்து, வாளித் தண்ணீரில் இரண்டு சுற்றுச் சுற்றுவார். துவைத்துப் பிழிந்த அப்பாவின் வேட்டி அந்தத் தண்ணீரில் ஒருமுறை முங்கி எழுந்து கொடிக்குப் போகும். காய்ந்ததும் பார்த்தால் நீலத்தைக் காணோம், வெண்மைதான் இருக்கும். நீலத்தில் முக்கிய துணி எப்படி வெளுக்கிறது என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டே இருப்பேன்.

இப்போது நானும் அதே வட்டாரத்தில் வேறொரு குடியிருப்பில் இருக்கிறேன். என் சாப்பாட்டு மேசையில் ஒரு கிண்ணம் நிறைய அதே நீலப்பொடி இருக்கிறது, வேட்டிக்காக அல்ல, கிருஷ்ணனுக்காக. கொலுவுக்கென்று பாலிமர் கிளேயில் பொம்மை செய்யப் போய், எந்த வண்ணம் அதில் நிற்கும், எது நிற்காது என்று தேடிய தேடலில், அம்மாவின் பொட்டலத்துக்குள் இருந்தது எவ்வளவு நீண்ட பயணம் என்று தெரிந்துகொண்டேன். அந்த நீலத்தின் கதை இது.

கதையை எங்கள் வட்டாரத்திலிருந்தே தொடங்குகிறேன். கோல் மார்க்கெட் என்ற பெயர் அங்குள்ள கட்டடத்தால் வந்தது; இந்தியில் ‘கோல்’ என்றால் வட்டம். பார்வைக்கு வட்டம், எண்ணிப் பார்த்தால் பன்னிரண்டு பக்கம். தலைநகரைக் கல்கத்தாவிலிருந்து டெல்லிக்கு மாற்றுவதாக 1911-ல் அறிவிப்பு வந்தபின் எழுந்த புதுநகரில், 1921-ல் கட்டடக் கலைஞர் பிளோம்ஃபீல்டு வரைந்து கட்டிய சந்தை அது. சுற்றிலும் குமாஸ்தாக்களுக்கான குடியிருப்புகள் எழுந்தன. அவற்றில் தெற்கிலிருந்து வந்த தமிழர்களும் குடியேறினார்கள். பக்கத்து மந்திர் மார்க்கில் அவர்கள் பிள்ளைகள் படிக்கத் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி. புரட்டாசி வந்தால் சன்னலோரம் கொலு. மந்திர் மார்க் காளிபாரியில் வங்காளிகளின் துர்கா பூஜை மேளம் கேட்கும் அதே நாட்களில், இந்தக் குடியிருப்புகளில் சுண்டல் மணக்கும்.

பொம்மைகள் ஊரிலிருந்து வரவேண்டும். மதுரை விளாச்சேரி, பண்ருட்டி என்று வாங்கியவற்றைப் பழந்துணியில் சுற்றி, டிரங்குப் பெட்டியில் அடுக்கி, இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் மேல் ரயிலில் கொண்டுவருவோம். ஒவ்வோர் ஆண்டும் ஏதாவது ஒரு கை, ஒரு மூக்கு, ஒரு வீணைத் தண்டு உடைந்து வரும். ஒருமுறை வெண்ணெய்க் கிருஷ்ணன் முழுதுமே நொறுங்கிப் போனான். அவனுக்குப் பதிலாகத்தான் நான் பாலிமர் கிளேயைக் கையில் எடுத்தேன். அது விழுந்தாலும் எளிதில் உடையாது. சூளை வேண்டாம், வீட்டு ஓவனே போதும்.

சதுர்த்திப் பிள்ளையார் கரைவதற்காகவே பிறந்தவர். கொலு பொம்மை அப்படியல்ல. பாட்டி வைத்ததை அம்மா வைத்து, அம்மா வைத்ததை மகள் வைக்க வேண்டும். ஆகவே அதன் நிறமும் ஆயுள் உள்ளதாக இருக்க வேண்டும். இதை உணராமல் என் முதல் கிருஷ்ணனுக்குக் கையில் கிடைத்த நீல நகப்பூச்சைப் பூசினேன். அன்று மினுமினுத்தான். ஒரு வாரம் கழித்துத் தொட்டால் விரலில் ஒட்டினான். ஒரு மாதம் கழித்து, சுற்றிவைத்த துணியின் நூலெல்லாம் அவன் மேனியில். ‘இது இன்னும் காயவே இல்லையே’ என்றார் அம்மா. அது காயப் போவதும் இல்லை.

காரணம் பாலிமர் கிளேயின் பிறப்பில் இருக்கிறது. பெயரில்தான் மண். உள்ளே இருப்பது பிவிசி தூளும், அதைக் குழைவாக வைத்திருக்கும் ஒரு மென்மையாக்கித் திரவமும். தண்ணீர் கிடையாது, ஆகவே காற்றில் காயாது. 110 முதல் 130 டிகிரி செல்சியஸ் சூட்டில் தூள் அந்தத் திரவத்தை உறிஞ்சி ஒன்றோடொன்று இணைந்து கெட்டியாகிறது. வெந்த பிறகும் மென்மையாக்கி உள்ளேயேதான் இருக்கும். நகப்பூச்சு, கதவுக்கு அடிக்கும் எனாமல் போன்றவற்றில் உள்ள கரைப்பான்களோ எண்ணெய்ப் பிசினோ அதோடு கலந்துவிட்டால், மேற்பரப்பு இளகி, பிசுபிசுப்பு நிரந்தரமாகிவிடும்.

இந்தக் கிளேயும் ஒரு பொம்மை வீட்டில் வளர்ந்ததுதான். ஜெர்மனியில் புகழ்பெற்ற பொம்மைக் கலைஞர் கேத்தே குரூஸ். பொம்மைத் தலை செய்ய உதவுமா என்று அவரிடம் வந்த ஒரு பிளாஸ்டிக் பொருள், பெரிய உற்பத்திக்குச் சரிப்படவில்லை. அவருடைய மகள் சோஃபி அதை விடாமல் பிசைந்து பார்த்து, நிறம் சேர்த்து, மொசைக் வேலைக்கு ஏற்றதாக மாற்றினார். வீட்டில் அவரை அழைக்கும் செல்லப்பெயர் ஃபிஃபி. ஃபிஃபியும் மொசைக்கும் சேர்ந்து ‘ஃபிமோ’ ஆனது. 1964-ல் எபர்ஹார்டு ஃபேபர் நிறுவனம் அந்தச் செய்முறையை வாங்கி உலகெங்கும் கொண்டுசென்றது.

நகப்பூச்சுக் கிருஷ்ணனுக்குப் பிறகு, எந்த வண்ணத்தையும் கையில் எடுக்குமுன் ஒரு கேள்வி கேட்கப் பழகினேன்: நீ எங்கே பிறந்தாய்? நெருப்பிலா, தண்ணீரிலா, எண்ணெயிலா, செடியிலா? ஒரு நிறம் எதைத் தாங்கும், எதில் சாகும் என்பதற்கான விடை அதன் பிறப்பிலேயே இருக்கிறது. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது அந்த நீலம்தான்.

அதன் முதல் வீடு ஒரு மலை. ஆப்கானிஸ்தானின் படக்‌ஷான் பகுதியில் கோக்சா ஆற்றுப் பள்ளத்தாக்கில் சரே சங் என்ற இடம். பல ஆயிரம் ஆண்டுகளாக அங்கிருந்து லாபிஸ் லாசுலி என்னும் நீலக்கல்லை வெட்டி எடுக்கிறார்கள். சிந்துவெளி மக்கள் வடக்கே ஆமு நதியை ஒட்டி ஷோர்டுகாயில் ஒரு குடியேற்றத்தையே வைத்திருந்தார்கள், அந்தக் கல் வரும் வழிக்கு அருகில். அஜந்தா ஓவியங்களின் நீலமும் இந்தக் கல்லிலிருந்து வந்ததுதான்.

கல்லை அரைத்தால் மட்டும் நீலம் கிடைத்துவிடாது. சாம்பல் பூத்த தூள்தான் வரும், கல்லில் உள்ள வெள்ளைச் சுண்ணாம்புத் தாதுவும் பிறவும் நீலத்தை மங்கச் செய்துவிடும். நீலத்தைத் தனியே பிரிக்கும் வழியை இத்தாலிய ஓவியர் சென்னினி 1400-ஐ ஒட்டிய காலத்தில் எழுதிவைத்தார். கல்தூளை பைன் பிசின், மஸ்திகைப் பிசின், மெழுகு ஆகியவற்றோடு சேர்த்து மாவுபோலப் பிசைய வேண்டும். நாள்தோறும் பிசைந்து ஊறவைத்து, பிறகு சாம்பல் காரநீரில் போட்டு இரண்டு குச்சிகளால் அழுத்தி அழுத்திக் கசக்கவேண்டும். நீலம் மட்டும் உருண்டையை விட்டு நீரில் இறங்கிப் படியும், கசடு பிசினிலேயே தங்கிவிடும். முதல் கசக்கலில் வரும் நீலம்தான் உயர்ந்தது. ஐரோப்பாவில் அதற்கு வைத்த பெயர் அல்ட்ராமரைன், கடலுக்கு அப்பாலிருந்து வந்தது என்று பொருள். விலையும் அதற்கேற்ப இருந்தது. வெர்மீர் தீட்டிய முத்துத்தோட்டுப் பெண்ணின் தலைப்பாகையில் இருப்பது இந்த நீலம்தான்.

இரண்டாம் பிறப்பு சூளையில் நடந்தது. 1787-ல் பாலெர்மோவின் சுண்ணாம்புச் சூளைச் சுவர்களில் நீலப் படிவம் ஒட்டியிருப்பதை ஜெர்மன் கவிஞர் கெத்தே பார்த்துக் குறித்திருக்கிறார். 1814-ல் பிரான்சில் சோடா காய்ச்சும் உலைகளிலும் அதே நீலம் தென்பட்டது. நெருப்புக்குள் எங்கோ மனிதர் அறியாமலே லாபிஸ் பிறந்துகொண்டிருந்தது. 1824-ல் பிரெஞ்சுத் தொழில் வளர்ச்சிச் சங்கம், அதைச் செயற்கையாகச் செய்துகாட்டுபவருக்கு 6,000 ஃபிராங்க் பரிசு என்று அறிவித்தது. 1828-ல் ழான் பாப்டிஸ்ட் கிமே பரிசை வாங்கினார். அதே ஆண்டில் ஜெர்மனியின் டூபிங்கனில் வேதியியலாளர் க்மெலினும் தன் வழியைக் கண்டுபிடித்து வெளியிட்டார்.

அந்தச் செய்முறையின் முதல் பொருளைப் படித்தபோது எனக்குச் சிலிர்த்தது. வெள்ளைக் களிமண். பீங்கான் கோப்பை செய்யும் அதே கயோலின் மண். அதோடு சோடா, கந்தகம், கொஞ்சம் கரி. காற்றுப் புகாமல் மூடி, 750, 800 டிகிரி வரை சூடேற்றுகிறார்கள். முதலில் பச்சையாகத்தான் வரும். பிறகு காற்றை உள்ளே விட, பச்சை மெல்ல நீலமாகும். மண்ணின் அலுமினியமும் சிலிக்கனும் ஆக்சிஜனோடு சேர்ந்து ஒரு நுண்ணிய கூண்டு கட்டுகின்றன. அந்தக் கூண்டுக்குள் மூன்று கந்தக அணுக்கள் கூட்டாகச் சிறைப்படுகின்றன. நிறம் தருவது அந்த மூன்றும்தான். கூண்டு நிற்கும்வரை நீலமும் நிற்கும்.

கிமேயின் நீலத்தில் வந்த செல்வத்தைக் கொண்டு அவர் மகன் எமில் கிமே ஆசியக் கலைகளுக்கு ஓர் அருங்காட்சியகம் கண்டார். இன்று பாரிசில் இருக்கும் கிமே அருங்காட்சியகம் அது. அங்கே 11-ஆம் நூற்றாண்டுத் தமிழ்நாட்டு வெண்கல நடராசர் ஆடிக்கொண்டிருக்கிறார். சலவை வாளியில் கரைந்த நீலத்துக்கும் சோழர் வெண்கலத்துக்கும் இப்படி ஒரு தொடர்பு.

சலவை வாளிக்கு நீலம் வந்தது அதன் விலை சரிந்த பிறகு. பழகிய வெள்ளைத்துணி மஞ்சள் பாய்ந்துபோகும். அல்ட்ராமரைன் மஞ்சளையும் ஆரஞ்சையும் விழுங்கும் நிறம். துணியில் ஒரு தூசு அளவு தங்கினாலே போதும், அந்த மஞ்சளைச் சமன்செய்துவிடும், கண்ணுக்கு வெண்மை தெரியும். சிறுவயதில் நான் கேட்ட கேள்விக்கு விடை இதுதான். 19-ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்தின் ஹல் நகரிலிருந்து ரெக்கிட் நிறுவனம் நீலக் கட்டிகளை உலகெங்கும் அனுப்பியது. இந்தியாவில் ராபின் புளூ வீட்டுக்கு வீடு நுழைந்தது. சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பவர்களும் அதில் நீலம் கலந்தார்கள். காரத்தை நீலம் தாங்கும், ஆகவே சுண்ணாம்பில் அது கெடவில்லை. 1960-ல் அல்ட்ராமரைன் அண்ட் பிக்மென்ட்ஸ் என்ற நிறுவனம் தொடங்கி, தமிழ்நாட்டின் அம்பத்தூரிலும் இராணிப்பேட்டையிலும் ஆலைகளை வைத்தது. படக்‌ஷான் மலையின் நிறம் நம்மூர் நெருப்பிலும் பிறக்கத் தொடங்கியது.

1983-ல் கேரளத்தில் உஜாலா பிறந்தது, தமிழில் ‘சொட்டு நீலம்’ என்று சொல்லும் திரவ நீலம். அது வேறு வம்சம். பொடி நீலம் ஒரு நிறமி: தண்ணீரிலும் எண்ணெயிலும் கரையாமல் துகளாகவே நிற்கும். சொட்டு நீலம் ஒரு சாயம்: நீரில் முழுதாய்க் கரையும். துணிக்கு இரண்டும் பயன்படும். பொம்மைக்கு அப்படியில்லை. கரையும் இயல்புள்ள சாயம் பாலிமர் கிளேக்குள் போனால், மென்மையாக்கியின் துணையோடு நாளடைவில் பக்கத்து நிறத்துக்குள் ஊர்ந்துவிடலாம். கிருஷ்ணனின் மஞ்சள் பீதாம்பரம் ஓரத்தில் பச்சை பிடித்தால் என்ன செய்வது? நிறமித் துகள் இருந்த இடத்திலேயே இருக்கும்.

பிவிசிக்கும் அல்ட்ராமரைனுக்கும் ஏற்கெனவே உறவு உண்டு. வெள்ளைப் பிளாஸ்டிக் மஞ்சள் தட்டாமல் தெரிய, ஆலைகளில் அதை இம்மியளவு சேர்ப்பது வழக்கம். வேட்டிக்குச் செய்த அதே உபகாரம். ஆகவே என் மேசையில் நீலமும் கிளேயும் சந்தித்தபோது அது புது அறிமுகம் அல்ல. 800 டிகிரியில் பிறந்த நிறத்தை என் ஓவனின் 110 டிகிரி ஒன்றும் செய்யவில்லை. வெயிலும் அதை வெளுக்க வைக்காது.

அதன் எதிரி அமிலம். ஒரு சிட்டிகை நீலப்பொடியில் எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள். நிறம் வெளிறும், அழுகிய முட்டை நாற்றம் எழும். கூண்டு உடைந்து கந்தகம் தப்பிப் போகும் வாசனை அது. சன்னலைத் திறந்துவைத்து, மிகச் சிறு அளவில் செய்யவேண்டிய சோதனை. ஓவன் விஷயத்திலும் இதை நினைவில் வைக்கவேண்டும். சூடு எல்லை மீறினால் பிவிசி சிதைந்து ஹைட்ரஜன் குளோரைடு ஆவியை விடும். அது நம் மூச்சுக்கும் கேடு, நீலத்துக்கும் கேடு. ஓவனின் முள் காட்டும் சூடும் உள்ளே இருக்கும் சூடும் ஒன்றாக இருப்பதில்லை. தனியாக ஒரு வெப்பமானியை உள்ளே வைத்த பிறகே என் பொம்மைகள் கருகாமல் வந்தன. சமையலுக்குப் புழங்கும் தட்டையும் கரண்டியையும் இந்த வேலைக்கு எடுப்பதில்லை.

பிசையும் முறையையும் பழகவேண்டியிருந்தது. சலவைப் பொடியில் வேறு பொருள்கள் கலந்திருக்கக்கூடும் என்பதால், ஓவியப் பொருள் கடையில் நிறமித் தூளாகவே வாங்கினேன். உறையில் ‘பிபி 29’ என்று இருந்தால் அது அல்ட்ராமரைன், உலகம் முழுதும் ஒரே எண். முகமூடி போட்டு, தூசு கிளம்பாமல், சிட்டிகை சிட்டிகையாகக் கிளேயில் வைத்து, பூரணம் போல மூடி மூடிப் பிசையவேண்டும். பொடி மிகுந்தால் கிளே உதிரும், அப்போது ஒரு துளி திரவக் கிளே சேர்த்தால் மறுபடி இணங்கும். வெள்ளைக் கிளேயில் வான்நீலம் கிடைக்கும். ஒளி ஊடுருவும் கிளேயில் அதே பொடி ஆழ்நீலமாகும், வெந்ததும் இன்னும் ஆழும். ஆகவே உருண்டை உருண்டையாக மாதிரி செய்து வேகவைத்துப் பார்த்துவிட்டுத்தான் பொம்மையில் கைவைப்பேன்.

எந்த நீலம் என்பதிலும் ஒரு தேர்வு இருந்தது. தாலோ நீலம் என்று இன்னொன்று உண்டு, உறையில் ‘பிபி 15’. 1928-ல் ஸ்காட்லாந்தின் கிரேஞ்ச்மவுத் ஆலையில் ஒரு கலத்தின் உட்பூச்சு விரிசல்விட்டு இரும்பு கலந்துவிட, எதிர்பாராமல் தெரிந்த ஒரு நீலத்தின் வழியில் வந்தது. பின்பு செம்பைக் கொண்டு செய்து 1935-ல் சந்தைக்கு விட்டார்கள். சூட்டையும் வெயிலையும் அதுவும் தாங்கும். வீரியம் மிக அதிகம், கடுகளவில் கிளே முழுதும் ஏறிவிடும். ஆனால் அது பச்சையின் பக்கம் சாய்ந்த நீலம். பட்டுக்கடையில் மயில்கழுத்து என்போமே, அந்தப் பக்கம். அல்ட்ராமரைன் ஊதாவின் பக்கம் சாய்வது. கண்ணனைத் தமிழ் அழைப்பது காயாம்பூ வண்ணன் என்று. காயா மலரின் நிறமும் ஊதா கலந்த நீலம்தான். மேனிக்கு அல்ட்ராமரைனும், மயிற்பீலிக்குத் தாலோவும் என்று முடிவானது.

மற்ற நிறங்களையும் பிறப்பைக் கேட்டே தேர்ந்தேன். மஞ்சள்தூள் கிழங்கில் பிறந்தது, வெயிலில் அதன் மஞ்சள் நிற்காது. மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்து வரும் குங்குமச் சிவப்பும் காரம் போனால் போய்விடும். காவி மண்ணில் பிறந்த இரும்பு நிறம், சூட்டையும் வெயிலையும் பார்த்தது. கிருஷ்ணனின் உறியும் பானையும் காவியில் அமைந்தன. எண்ணெய் வண்ணத்தை வேகுமுன் ஒரு பொட்டு பிசையலாம், மிகுந்தால் கிளே தளர்ந்துவிடும், காகிதத்தில் சற்று வைத்து எண்ணெயை வடியவிட்டால் நல்லது. அக்ரிலிக் தண்ணீரில் பிறந்தது. ஈரத்தோடு உள்ளே பிசைந்தால் ஓவனில் ஆவியாகிக் கொப்புளம் எழும். அதை வெந்த பிறகு, மேற்பரப்பை நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்து, மருந்துக்கடை ஆல்கஹாலில் துடைத்து, மெல்லிய இரண்டு மூன்று பூச்சாகப் பூசினால் கெட்டியாகப் பிடிக்கும். கண்ணும் புருவமும் எழுத அதைவிடச் சிறந்தது இல்லை. கன்னத்துச் சிவப்புக்கு உலர் பேஸ்டல் குச்சியைச் சுரண்டிய தூள். வேகுமுன் கிளேயின் மேற்பரப்பு லேசாக ஒட்டும் தன்மையோடு இருக்கும், மெல்லிய தூரிகையால் தடவினால் தூளை அது தானே வாங்கிக்கொள்ளும். ஈயமும் பாதரசமும் உள்ள பழைய மஞ்சள், சிவப்பு நிறமிகளை வீட்டுக்குள்ளேயே விடுவதில்லை. குழந்தைகள் கை வைக்காத கொலு ஏது?

மேசையில் நீலக் கிளேயைப் பிசைந்துகொண்டிருந்த ஒரு மாலை, சென்னினியின் பிசின் உருண்டை நினைவுக்கு வந்தது. அறுநூறு ஆண்டுகளுக்கு முன், நீலத்தை வெளியே எடுக்கப் பிசைந்தார்கள். நான் அதை உள்ளே வைக்கப் பிசைகிறேன். நடுவே அது கல்லை விட்டு, களிமண்ணில் புகுந்து, நெருப்பில் எழுந்து, வாளித் தண்ணீரில் மிதந்து, இப்போது மண்ணே இல்லாத ஒரு ‘மண்ணுக்கு’ வந்திருக்கிறது. உள்ளங்கை ரேகைகளில் நீலம் ஏறியிருந்தது.

மகாளய அமாவாசையன்று படி கட்டினோம். படிகளில் விரிக்க, ஊர் வழக்கப்படி வெள்ளை வேட்டி வேண்டும். அம்மா பெட்டியிலிருந்து அப்பாவின் பழைய எட்டு முழத்தை எடுத்தார். மடிப்பில் மஞ்சள் பாய்ந்திருந்தது. காலையிலேயே ஒரு வாளி தண்ணீர் வைத்து, சிட்டிகை நீலத்தைத் துணியில் முடிந்து சுற்றினார். மதியம் கொடியிலிருந்து எடுத்தபோது வேட்டி பளிச்சென்று இருந்தது. விளாச்சேரித் தசாவதாரமும் பண்ருட்டிச் செட்டியாரும் பழைய இடங்களில் ஏறிய பிறகு, மூன்றாம் படியில் புதுக் கிருஷ்ணனை வைத்தேன். அவன் மேனியில் நீலம் தெரிந்தது. அவன் நின்ற வேட்டியிலும் அதே நீலம் இருந்தது, வெண்மையாக.